உறைமேல் சித்தி

அக்டோபர் 7, சனிக்கிழமை

ஊரார் சட்டைக்கெல்லாம் பட்டன் தைத்தும், பெற்ற மகளின் வாய்க்கு ஒரு பட்டன் தைக்கத் தெரியாத அம்மாவுக்கு,

தேவாலயத்தின் அடித்தளத்திலிருந்து எழுதுகிறேன். அகதிப் பிள்ளைகள், புதிதாகக் குடியேறிய பிள்ளைகள் என்று முப்பது பேரைச் சேர்த்து இங்கே சனிக்கிழமை வகுப்பு நடத்துகிறார்கள் என்று அப்பா போனில் சொன்னாரே, அது இதுதான். முதலில் ஒரு மணி நேரம் இவர்கள் மொழி. பிறகு அரை மணி நேரம் அவரவர் மொழியில் வீட்டுக்குக் கடிதம். தாய்மொழி மறந்துவிடக் கூடாதாம். உறையும் தபால்தலையும் அவர்களே தருகிறார்கள். பேனாவை மட்டும் திருப்பித் தர வேண்டும். நான் இதுவரை இரண்டைத் தரவில்லை.

ஒன்பது மொழி, ஒரே பிஸ்கட். அதனால் சண்டை வந்தாலும் யார் என்ன திட்டினார்கள் என்று யாருக்கும் தெரியாது. நிம்மதி.

போன வாரம் தொண்டர்கள் நெஞ்சில் ஒட்டிக்கொள்ளும் பெயர்ச்சீட்டுகளை இடம் மாற்றி வைத்தேன். தாடிக்காரப் பியானோ வாத்தியார் மதியம் முழுக்க ஒரு பெண்ணின் பெயரோடு நடமாடினார். போதகர் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் திட்டவில்லை, பேசினார். போதகர் என்றால் போதும் என்று சொல்லத் தெரியாதவர் என்று பொருள்.

அப்பா நலம். கார் கழுவிக் கழுவி அவர் விரல்கள் வெடித்திருக்கின்றன. அறை பழகிவிட்டது. கீழே சலவைக்கடை இயந்திரங்கள் சுற்றினால் மேலே எங்கள் கட்டில் நகர்ந்து ஜன்னல் பக்கம் போய்விடுகிறது. படுத்தபடியே ஊர் சுற்றுகிறோம்.

எனக்குக் கோட்டு கிடைத்துவிட்டது. நன்கொடைத் துணிகளைப் பிரித்துக் கொடுக்கும் அம்மா ஒருவர் இருக்கிறார். கோட்டு அம்மா என்று பெயர் வைத்திருக்கிறேன். உள்ளே இன்னொரு நானும் குடியிருக்கலாம், அவ்வளவு பெரியது.

நீ இங்கே வருவதற்குக் கொடுத்த கோப்பு என்ன ஆயிற்று? கால் முளைத்ததா?

இப்படிக்கு,
தேவாலயத்துக்குள் புகுந்துவிட்ட உன் குட்டிச்சாத்தான்

*

அக்டோபர் 25

குட்டிச்சாத்தானுக்கு அம்மா எழுதுவது.

நலமா என்று கேட்கப்போவதில்லை. இருமல் விடவில்லை என்று அப்பா சொல்லிவிட்டார். போனில் நீ "ம்", "சரி", "அப்பாகிட்ட தர்றேன்" என்று மூன்றே வார்த்தை பேசுகிறாய். காகிதத்தில் மட்டும் இத்தனை வாயா?

எனக்கு வேலை இருக்கிறது. முதலாளிக்குக் கண் மங்குகிறது, அதனால் குறை கண்டுபிடிப்பது குறைந்திருக்கிறது. கோப்புக்குக் கால் முளைத்துவிட்டது. இனி நேர்காணல் ஒன்றுதான் பாக்கி, வருடம் முடிவதற்குள் கூப்பிடுவோம் என்று விசா அலுவலகத்தில் சொன்னார்கள். இரண்டு வருடத்தில் அங்கே இருக்கும் பெண் என்னைப் பார்த்துச் சிரித்தது அன்றைக்குத்தான்.

ஒன்று கேட்க வேண்டும். உன் உறையின் பின்னால் தேவாலயத்துச் சீட்டு ஒன்று ஒட்டியிருந்தது. எனக்குப் புரியவில்லை. கீழே மருந்துக்கடைக்காரருக்கு அந்த மொழி தெரியும், காட்டினேன். "உங்க அக்கா பொண்ணா? கையெழுத்து அழகா இருக்கு" என்றார். "எனக்கு அக்காவே இல்லீங்களே" என்றேன். "இதுல பெறுபவர் சித்தின்னு குறிச்சிருக்கே" என்றார். அம்மா என்ற கட்டம் முதலிலேயே இருக்கிறதாம், அதை விட்டுவிட்டு நாலாவது கட்டத்தில் குறி போட்டிருக்கிறாயாம்.

இது என்ன விளையாட்டு? சிரிக்க வேண்டிய இடம் எது என்று எழுது, சிரிக்கிறேன்.

அம்மா

*

நவம்பர் 11, சனிக்கிழமை

அம்மா,

பேனா கையில் இருந்தும் இருபது நிமிடம் ஒன்றும் எழுதவில்லை. கோட்டு அம்மா வந்து முதுகைத் தடவிவிட்டுப் போனார். எழுதிவிடுகிறேன்.

நான் இங்கே எல்லோரிடமும் நீ செத்துவிட்டாய் என்று சொல்லியிருக்கிறேன்.

உடனே கிழிக்காதே. சொல்கிறேன்.

இவர்கள் எல்லோரும் நல்லவர்கள். அதுதான் தொல்லை. வாசலில் காலணி வாங்கி வைப்பவர் கேட்பார், "அம்மா எப்ப வர்றாங்க?" சூப் ஊற்றுபவர் கேட்பார், "அம்மா எப்ப வர்றாங்க?" பியானோ வாத்தியார், போதகர், போதகரின் மனைவி, எல்லோருக்கும் அதே கேள்வி. ஒரு சனிக்கிழமை பதினொரு தடவை. ஒவ்வொரு தடவையும் "சீக்கிரம்" என்று சொல்ல வேண்டும். போன வருடமும் அதே சீக்கிரம்தான். என்னைவிடச் சின்னப் பையன்களுக்கெல்லாம் அம்மா வந்து இறங்கிவிட்டார்கள். செப்டம்பரில் ஒருநாள் கோட்டு அம்மா அளவு பார்த்துக்கொண்டே கேட்டார். வாயில் வந்துவிட்டது. "செத்துட்டாங்க" என்றேன்.

அவர் கையிலிருந்த கோட்டைக் கீழே போட்டுவிட்டு என்னைக் கட்டிக்கொண்டார். ரொம்ப நேரம். விளையாட்டுக்குத்தான் சொன்னேன் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் இரண்டு வருடமாக யாரும் என்னை அப்படிப் பிடித்ததில்லை அம்மா. விட மனசு வரவில்லை.

அதற்குப் பிறகு யாரும் கேட்பதில்லை. ஞாயிறு ஆராதனையில் உனக்காக எல்லோரும் எழுந்து நின்றார்கள். நான் கடிதம் எழுதுவது யாருக்கு என்று ஆசிரியை கேட்டார், சித்திக்கு என்றேன். அதுதான் நாலாவது கட்டம்.

எட்டு வயதுப் பெண் ஒருத்தி இருக்கிறாள். முன்பல் இரண்டும் இல்லை, பொக்கை என்று கூப்பிடுவேன். அவளுக்கு நிஜமாகவே அம்மா இல்லை. அன்றிலிருந்து அவள் என் பக்கத்தில்தான் உட்காருகிறாள். பாதி பிஸ்கட் எனக்குத் தருகிறாள்.

இன்னும் ஒன்று பாக்கி. நாங்கள் இங்கேயே தங்குவதற்குப் போதகர் ஒரு சிபாரிசுக் கடிதம் எழுதினார். அப்பாவிடம் கையெழுத்து வாங்க என்னைப் படித்து மொழிபெயர்க்கச் சொன்னார். அதில் "மனைவியை இழந்த தகப்பன்" என்று ஒரு வரி. மற்ற எல்லா வரியும் அப்பாவுக்குச் சொன்னேன். அதைச் சொல்லவில்லை. அவர் கையெழுத்துப் போட்டார். கடிதம் குடியேற்ற அலுவலகத்துக்குப் போய் மூன்று வாரம் ஆகிறது.

நான்

*

நவம்பர் 24

மகளுக்கு,

எந்தத் தேதியில் செத்தேன் என்று நீ எழுதவில்லை. காய்ச்சலா, விபத்தா? கேட்டவர்களுக்கு என்ன சொன்னாய்? தெரிந்துகொண்டால் நல்லது, அலுவலகத்தில் என்னையும் கேட்பார்கள்.

மருந்துக்கடைக்காரரிடம் விசாரித்தேன். ஒரு காகிதத்தில் மனைவி செத்துவிட்டாள், இன்னொரு காகிதத்தில் மனைவியை வரவழைக்க விண்ணப்பம் என்றால், வேறு யாரோ ஒருத்தியை மனைவி என்று கூட்டிவருவதாக நினைப்பார்களாம். உன் அப்பாவைத்தான் பிடிப்பார்களாம்.

முதலில் அப்பாவிடம் சொல். பிறகு போதகரிடம். இந்தக் கடிதம் கையில் கிடைத்த அன்றே.

உன் கடிதம் வந்த அன்றைக்கு வேலையில் ஒரே சட்டைக்கு இரண்டு தடவை காலர் வைத்துவிட்டேன். முதலாளியின் மங்கிய கண்ணுக்கே அது தெரிந்தது.

அம்மா

*

டிசம்பர் 9, சனிக்கிழமை

அம்மாவுக்கு,

உன் கடிதம் வருவதற்கு முன்பே அலுவலகத்திலிருந்து அப்பாவைக் கூப்பிட்டுவிட்டார்கள். போனில் உன்னிடம் அப்பா "ஒரு சின்னச் சிக்கல்" என்று மட்டும் சொன்னாராம். சின்னது இல்லை. திரும்பி வந்து ஷூவைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கீழே இயந்திரம் ஓடியது. கட்டில் நகர்ந்தது. அப்படியே நகர்ந்துகொண்டிருந்தார்.

"அதுல என்ன எழுதியிருந்துச்சுன்னு நீ படிச்சுச் சொன்னே. நான் போட்டேன்" என்றார். அவ்வளவுதான். அடித்திருந்தால் நான் அழுதிருப்பேன்.

போதகரிடம் நானே போனேன். அவரே பழையதைத் திருத்தி வேறு கடிதம் எழுதித் தருகிறேன் என்றார், எல்லோரிடமும் சொல்ல வேண்டியதில்லை, உனக்குக் கஷ்டம் என்றார். நானே சொல்கிறேன் என்றேன். உனக்காக எழுந்து நின்றவர்கள் உட்கார வேண்டாமா?

வகுப்பு முடிந்து சூப் நேரத்தில் நாற்காலிமேல் ஏறினேன். எல்லோரும் ஏதோ சேட்டை என்று சிரிக்கத் தயாரானார்கள். "எங்க அம்மா உயிரோட இருக்காங்க. நான் பொய் சொன்னேன்" என்றேன். அப்போதும் இரண்டு பேர் சிரித்தார்கள். பிறகு கரண்டிகளைக் கீழே வைத்தார்கள்.

கோட்டு அம்மா அறைக்குள் போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து வந்து என் கோட்டில் மேல் பட்டனைப் போட்டுவிட்டார். முதுகைத் தடவவில்லை. பரவாயில்லை, அதைத் தாங்கிக்கொள்வேன்.

பொக்கைதான் என்னிடம் வந்து கேட்டாள். "அப்போ உங்க அம்மா மட்டும் திரும்பி வந்துட்டாங்களா?"

என்ன சொல்வது அம்மா? அவள் தன் தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விட்டாள்.

திட்டி எழுது. பக்கம் பக்கமாக எழுது. நீ எழுதாமல் மட்டும் இருக்காதே.

உன் மகள்

*

ஜனவரி 14

என் மகளுக்கு,

ஏழு வாரம் எழுதவில்லை. கோபம்தான். கோப்பைப் பற்றி இல்லை. என் பெண் அணைப்புக்காக ஏங்கி என்னைச் சாகடித்துவிட்டுப் போய் நிற்கும்படி இரண்டு வருடத்தை விட்டுவிட்டேனே என்று. அந்தக் கோபத்தை உன் பெயருக்கு எழுதினால் தப்பு என்று காத்திருந்தேன்.

அலுவலகத்தில் கூப்பிட்டார்கள். நான் நான்தான் என்பதற்கும் உயிரோடு இருப்பதற்கும் தனித்தனியாகப் படிவம். "இது எதுக்குங்க, நேர்லதான் நிக்கிறேனே" என்றேன். "நிக்கிறது போதாதும்மா, பேப்பர்ல இருக்கணும்" என்றாள் அந்தப் பெண். போதகரின் புதுக் கடிதம் வந்து சேர்ந்திருந்தது. உன் அப்பாமேல் குற்றம் இல்லை என்று எழுதிவிட்டார்களாம். நல்ல மனிதர், என் வணக்கத்தைச் சொல். ஆனால் பழைய கோப்பை மூடிவிட்டார்கள். புது எண் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு முன்னால் எத்தனை பேர் என்று கேட்டேன். அதைச் சொல்ல அனுமதி இல்லையாம்.

அந்தச் சின்னப் பெண்ணிடம் நீயே போய்ப் பேசு. பதில் கிடைக்காவிட்டாலும் பக்கத்தில் போய் உட்கார். எழுந்து போனால் மறுவாரமும் போ.

நான் அறையை இன்னும் இரண்டு வருடத்துக்கு வாடகைக்கு எடுத்துவிட்டேன். இத்தனை நாள் துணியெல்லாம் பெட்டியிலேயே இருந்தது, கூப்பிட்டால் உடனே கிளம்பலாம் என்று. நேற்று எல்லாவற்றையும் எடுத்து அலமாரியில் அடுக்கினேன். பெட்டிக்கு அடியில் உனக்காக வாங்கி வைத்திருந்த நீலத் துணி. நேரில் அளவெடுத்துத் தைக்கலாம் என்றுதான் வெட்டாமல் வைத்திருந்தேன்.

தோளிலிருந்து இடுப்பு வரைக்கும், கை நீளம், மார்பளவு, மூன்றையும் அப்பாவை எடுக்கச் சொல்லி எழுது. தைத்துத் தபாலில் அனுப்புகிறேன்.

அம்மா