ஆகஸ்டில் காலியாக இருக்கக் கூடாத வீடு

சால்மியா, குவைத்
9 ஆகஸ்ட் 1997

உம்மா,

பதர் ஒரு பெண்ணை வீட்டுக்குள் வைத்து வெளியே பூட்டிவிட்டு அங்கே மலைக்காற்று வாங்கப் போயிருக்கிறான். உங்கள் மூத்த மகன். என் அண்ணன்.

நேற்று மதியம் வந்திறங்கினேன். ஒவ்வொரு கோடையும் நீங்கள் எல்லோரும் ஐரோப்பாவுக்குக் கிளம்பி வருவதும், நான் கிளாஸ்கோவிலிருந்து வந்து சேர்ந்துகொள்வதும், அதே ஏரியை உட்கார்ந்து பார்ப்பதும் எனக்குச் சலித்துவிட்டது. என் ஊரின் ஆகஸ்டை இருபத்தோரு வயதுவரை நான் பார்த்ததே இல்லை. பார்க்கலாம் என்று சொல்லாமல் வந்தேன். டாக்ஸிக்காரர் ஸ்டியரிங்கைத் துணி சுற்றிப் பிடித்திருந்தார். "யாருமே இல்லாத ஊருக்கு எதுக்குப்பா வந்தே? இப்ப மிச்சம் இருக்கிறது நாங்களும் பூனைங்களும்தான்" என்றார். சிரித்தேன்.

நம் வீட்டு கேட்டில் சங்கிலியும் கைமுஷ்டி அளவுப் பூட்டும் தொங்கின. ஏறிக் குதிக்கலாம் என்று கம்பியைப் பிடித்தேன், உள்ளங்கை கொப்புளித்துவிட்டது. பட்டறையிலிருந்து ஒரு பட்டாணியரைக் கூட்டிவந்து சங்கிலியை வெட்டினேன். உள்ளே ஹால் அடுப்புக்குள் தலையை விட்ட மாதிரி இருந்தது. பதரின் வேட்டை வல்லூறு இருக்கும் அறையில் மட்டும் ஏசி ஓடுகிற சத்தம். கதவைத் தள்ளினேன். பறவை தன் கட்டையில் உட்கார்ந்திருந்தது. அதற்குக் கீழே, உதிர்ந்த இறகுகளுக்கு நடுவில், பாயில் எழுந்து உட்கார்ந்து ஒரு பெண் சமையல் கத்தியை என் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தாள்.

உங்கள் குசுமா. நான் படிக்கப் போன பிறகு இலங்கையிலிருந்து வீட்டு வேலைக்கு வந்து சேர்ந்தவள். ஹாலில் மாட்டியிருக்கும் படத்தை வைத்து என்னை அடையாளம் கண்டுகொண்டாள். கத்தியைக் கீழே போட்டாள். அவள் முதலில் சொன்னது இது: "கேட்டை உடைச்சது நீங்கதான்னு மேடம்கிட்ட சொல்லிடுங்க பாபா. நான் உடைக்கல."

அவள் கன்னம் ஒட்டிப் போயிருக்கிறது. அவளுடைய இரண்டு வருஷ ஒப்பந்தம் வசந்தத்திலேயே முடிந்துவிட்டது என்கிறாள். ஊருக்குப் போக வேண்டும் என்கிறாள். பாஸ்போர்ட் பதரின் இரும்புப் பெட்டியில் இருக்கிறது. இரவு உங்கள் விடுதிக்குப் போன் செய்தேன். பதர்தான் எடுத்தான். "யாரைக் கேட்டு வந்தே? பறவை எப்படி இருக்கு?" என்றான். நான் குசுமாவைப் பற்றி ஆரம்பித்ததும் வைத்துவிட்டான். அதனால் உங்களுக்கு ஃபேக்ஸில் எழுதுகிறேன்.

உங்களுக்கு இது தெரிந்திருக்காது. தெரிந்திருந்தால் உங்களுக்கு அங்கே ஒரு வாய் சோறு இறங்கியிருக்காது. அவனிடமிருந்து பெட்டிச் சாவியை வாங்கித் தாருங்கள்.

மிஷாரி


ஏரிக்கரை விடுதி, ஆஸ்திரியா
10 ஆகஸ்ட் 1997

என் கண்மணி மிஷாரிக்கு,

உன் தாளில் சலாம் இல்லை. பரவாயில்லை, இரண்டு பேருக்கும் சேர்த்து நானே சொல்கிறேன். அஸ்ஸலாமு அலைக்கும். உன்னை அல்லாஹ் வெயிலிலிருந்து காப்பாற்றட்டும்.

இங்கே மூன்று நாளாக மழை. பதரின் சின்னவளுக்கு இருமல், ஆனாலும் குதிரை மேல் ஏறுவேன் என்று ஒரே அழுகை. நீ வருவாய் என்று ஜன்னலோர அறையைச் சொல்லி வைத்திருந்தேன். சொல்லாமல் கொள்ளாமல் அந்த நெருப்புக்குள் போய் நிற்கிறாயே, உம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? உன் கைக்கு முட்டையின் வெள்ளைக்கருவைத் தடவு. வெந்நீரில் நனைக்காதே.

நீ எழுதியதை வரவேற்பில் இருக்கும் பெண் எல்லோர் முன்னாலும் என்னிடம் நீட்டினாள். பக்கத்தில் அல்-ராஷித் வீட்டுப் பெண்கள் இருந்தார்கள். அரபியில் எழுதிய தாள், அவர்களுக்குப் படிக்கத் தெரியும் கண்ணே. இனிமேல் கொஞ்சம் யோசித்து எழுது.

குசுமாவுக்கு நான் ஒரு குறையும் வைக்கவில்லை. அரிசி மூட்டை முழுசாக இருக்கிறது. பருப்பு, டீத்தூள், பால்பவுடர், வெங்காயம் எல்லாம் மேல்தட்டில். அவளுக்குப் பிடிக்கும் என்று கருவாடுகூட வாங்கி வைத்தேன். ஊருக்கு செப்டம்பரில் அனுப்புகிறேன் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். பதரைக் குற்றம் சொல்லாதே. அவன் பாரத்தைச் சுமக்கிறவன். பறவைக்கு இறகு முளைக்கும் நேரத்தில் அறைக் கதவைத் திறந்து திறந்து மூட வேண்டாம் என்று சொல்லச் சொன்னான். ஃப்ரீசரில் காடைகள் போதுமான அளவு இருக்கிறதா என்றும் கேட்டான்.

வீட்டைப் பற்றிக் கவலைப்படாதே. கேட் சாவி பத்திரமாக இருக்கிறது. புதுப் பூட்டு வாங்கி மாட்டிவிட்டு இங்கே வந்துவிடு. மழையில் உட்கார்ந்து சூடாக டீ குடிக்கலாம்.

உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும்
உம்மா


சால்மியா
12 ஆகஸ்ட் 1997

உம்மா,

அரிசி இருந்தது. கேஸ் சிலிண்டர் நீங்கள் கிளம்பிய முதல் வாரமே தீர்ந்துவிட்டது. உங்கள் பட்டியலில் அது இல்லை.

ஆகஸ்டில் நம் வீட்டுக் குழாய்த் தண்ணீர் எப்படி வரும் என்று உங்களுக்கே மறந்திருக்கும். கை வைக்க முடியாது. அந்தத் தண்ணீரில் அரிசியை ஊறவைத்து மென்றிருக்கிறாள். பிறகு ஃப்ரீசரைத் திறந்திருக்கிறாள். பதரின் இஸ்திரிப் பெட்டியைத் தலைகீழாக நிறுத்தி, அதன்மேல் வல்லூறின் காடையைச் சுட்டுத் தின்றிருக்கிறாள். பறவைக்கு முழுக் காடை. அவளுக்குப் பாதி. "கொறைஞ்சா பெரிய பாபா கேப்பாங்க" என்று மீதிப் பாதியை எடுத்து வைத்திருக்கிறாள். பதர் கேட்டுவிட்டான், பார்த்தீர்களா. அவனை அவள் என்னைவிட நன்றாகத் தெரிந்துவைத்திருக்கிறாள்.

பக்கத்து வீட்டு அபூ ஜாசிம் ஊரில்தான் இருக்கிறார். நோயாளி, பயணம் போக முடியாதவர். அவரிடம் கேட்டேன். "தட்டுற சத்தம் கேட்டுச்சுப்பா. ஏசி பெட்டி ஆடுதுன்னு நெனச்சேன்" என்றார். கண்ணை என் மேல் வைக்காமல் டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அவர் தினமும் தொழுதிருக்கிறார்.

காவல் நிலையத்துக்கும் போனேன். இருந்தவர் பேனாவைத் திறக்கவே இல்லை. அவள் ஓடிப்போனாளா என்று கேட்டார். இல்லை, வீட்டுக்குள்தான் இருந்தாள் என்றேன். "வீட்டுக்குள்ளதானே இருந்தா? அப்புறம் என்ன புகார்? உங்க அண்ணன் வரட்டும் தம்பி, பேசிக்கலாம்." எனக்கு ஐஸ் தண்ணீர் கொடுத்தார். வாசலில் ஈரத்துணியைத் தலையில் போட்டுக்கொண்டு நின்ற ஆட்களுக்கு யாரும் கொடுக்கவில்லை.

இப்போது நான் கேட்க வந்த விஷயம். நேற்று குசுமா சூடாகச் சோறு சாப்பிட்டாள். சாப்பிட்டு முடித்ததும் தானாகப் பேசினாள். பதரை நான் திட்டிக்கொண்டிருந்தேன், அதைப் பொறுக்காமல் சொன்னாள்: "பெரிய பாபா கார்லதான் இருந்தாங்க. மேடம்தான் எறங்கி வந்தாங்க. பூட்டும்போது அழுதாங்க."

கேட் சாவி பத்திரமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். யாரிடம்?

அவள் தப்பாகப் பார்த்திருப்பாள் என்று ஒரே ஒரு வரி எழுதுங்கள். நான் நம்பிவிடுகிறேன்.

மிஷாரி


ஏரிக்கரை விடுதி
14 ஆகஸ்ட் 1997

என் செல்லமே,

அவள் தப்பாகப் பார்க்கவில்லை. பூட்டை நான்தான் போட்டேன். சாவி என் கைப்பையில் இருக்கிறது. நீ நினைத்தது போல் உன் அண்ணன் இல்லை. அவன் வீட்டைப் பூட்டிவிட்டுக் குசுமாவையும் ஊருக்கு அனுப்பிவிடலாம் என்றுதான் சொன்னான். நான்தான் விடவில்லை.

ஏழு வருஷத்துக்கு முன்னால், படையெடுப்பு நடந்த அந்த வருஷம், நீ சிறுவன். நாம் லண்டனில் விடுதியில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தபோது தொலைக்காட்சியில் நம் கடற்கரைச் சாலையில் எதிரிப் படையின் டாங்கிகள் போவதைப் பார்த்தோம். ஆகஸ்ட் மாதம். மாதக்கணக்கில் நம் ஊருக்கு நாம் போக முடியவில்லை. திரும்பி வந்தபோது இந்த வீட்டில் என்ன மிச்சமிருந்தது? கதவுப்பிடியைக்கூடக் கழற்றிப் போயிருந்தார்கள். உன் வாப்பா அந்த ஹாலில் செருப்போடு உட்கார்ந்தவர், அதற்குப் பிறகு சரியாக எழுந்திருக்கவே இல்லை. காலியான வீடு என்பதால்தானே நுழைந்தார்கள்? ஆகஸ்டில் இந்த வீடு காலியாக இருக்கக் கூடாது மிஷாரி. யாராவது இருக்க வேண்டும். ராத்திரி ஒரு விளக்கு எரிய வேண்டும். அது என் பயம், சிரிக்காதே.

வெளியே பூட்டினால் யாரும் உள்ளே வர முடியாது. அவளுக்கும் அதுதான் பாதுகாப்பு. பறவையின் அறையில் குளிராகப் படுத்துக்கொள் என்று அவளிடம் சொன்னது நான்தான். பதருக்குத் தெரியாது. சிலிண்டரை மறந்துவிட்டேன். வயதாகிவிட்டது. அழுதேன், அதையும் அவள் பார்த்திருக்கிறாள். கல் நெஞ்சுக்காரி அழுவாளா?

என் அலமாரியில் தொழுகை உடுப்புக்கு அடியில் இரும்புப் பெட்டியின் இன்னொரு சாவி இருக்கிறது. பதரிடம் சொல்லாதே. பாஸ்போர்ட்டை எடுத்து அவளை அனுப்பிவிடு. என் பச்சைச் சால்வையைக் கொடு, எப்போதும் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாள். ஆனால் நாங்கள் வரும்வரை நீ அங்கேயே இரு கண்ணே. வீட்டைக் காலியாக விட்டுவிடாதே.

பெற்றவளைப் பார்த்து நீ இப்படிக் கேட்டதை நான் மனசில் வைத்துக்கொள்ளவில்லை.

உம்மா


சால்மியா
19 ஆகஸ்ட் 1997

உம்மா,

குசுமாவை விமானம் ஏற்றிவிட்டேன். சால்வையைக் கொடுத்தேன். மடித்து என்னிடமே திருப்பித் தந்தாள். "மேடம் கெட்டவங்க இல்ல பாபா. எனக்குக் காய்ச்சல் வந்தப்ப கஞ்சி வெச்சு ஊட்டி விட்டாங்க. அதனாலதான் அவங்க பூட்டுவாங்கன்னு நான் நெனைக்கவே இல்ல." அவ்வளவுதான் சொன்னாள். திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

வல்லூறைப் பறவைச் சந்தையில் ஒரு வைத்தியரிடம் விட்டிருக்கிறேன். அங்கேயும் ஏசி உண்டு. பதர் நிம்மதியாகத் தூங்கட்டும்.

உங்கள் கடிதத்தை நாலைந்து நாளாகத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். ஒரு வார்த்தை சரியில்லை. அந்த வருஷம் வீடு காலியாக இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். இல்லை உம்மா. பிலோமினா இருந்தாள்.

என்னை வளர்த்தவளை நான் மறப்பேனா? மங்களூர் பிலோமினா. நான் எந்தப் பயணம் கிளம்பினாலும் கார் வரைக்கும் ஓடிவந்து என் சட்டைப் பையில் அவித்த முட்டையைத் திணிப்பாள். பை நாறும் என்று நீங்கள் திட்டுவீர்கள். அந்த ஜூலையில் மட்டும் அவள் காருக்கு வரவில்லை. மாடி ஜன்னல் கம்பிக்குப் பின்னால் நின்று துண்டை ஆட்டினாள். ஏன் கீழே வரவில்லை என்று கேட்டேன். அவளுக்கு முழங்கால் வலி என்றீர்கள். நான் அந்த ஜன்னலை இத்தனை வருஷமும் அன்பின் படமாக வைத்திருந்தேன். கிளாஸ்கோவில் தூக்கம் வராதபோது அதை நினைத்துக்கொள்வேன்.

லண்டனில் தினமும் கேட்டேன், பிலோ எங்கே, பிலோ எங்கே என்று. இந்தியர்களை எல்லாம் விமானம் அனுப்பி அழைத்துப் போய்விட்டார்கள், ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள் என்றீர்கள். கடிதம் போட முகவரி கேட்டேன். வீட்டோடு போய்விட்டது என்றீர்கள். எனக்குப் பதினாலு வயது, நம்பினேன்.

அந்த வருஷமும் கேட்டில் பூட்டுப் போட்டீர்களா?

போட்டிருந்தால் சாவி உங்கள் கைப்பையில் லண்டனில் இருந்தது. அவள் ஊருக்குப் போனாள் என்றால் யாரோ திறந்திருக்க வேண்டும். யார் திறந்தது?

நான் நாளை கிளம்புகிறேன். வீடு காலியாக இருக்கிறது. கேட் திறந்தே இருக்கிறது.

மிஷாரி


சால்மியா
12 செப்டம்பர் 1997

என் கண்மணி மிஷாரிக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நலமாக வந்து சேர்ந்தோம். கேட் திறந்து கிடந்ததைப் பார்த்து என் உயிரே போய்விட்டது. ஆனால் அல்ஹம்துலில்லாஹ், ஒரு ஸ்பூன்கூடக் காணாமல் போகவில்லை. அபூ ஜாசிம்தான் நாற்காலி போட்டு வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தாராம், நோயாளி மனுஷன்.

பறவைக்கு இறகு அழகாக முளைத்திருக்கிறது. பதர் உன் மேல் கோபமாக இருப்பது போல் காட்டிக்கொள்கிறான், உள்ளே ஒன்றும் இல்லை. அடுத்த வாரம் புதுப் பெண் வருகிறாள். இந்த முறை பேரீச்சை நல்ல இனிப்பு, உனக்கு ஒரு டின் அனுப்பியிருக்கிறேன். கம்பளிச் சட்டையும் வைத்திருக்கிறேன், கழுத்தை மூடிக்கொள். மாடி ஜன்னலுக்குப் புதுத் திரை போட்டுவிட்டேன்.

நீ கடைசியாக அனுப்பியது இயந்திரத்தில் சரியாக விழவில்லை. வல்லூறைப் பற்றி எழுதியதுவரை தெரிந்தது. அதற்குப் பிறகு ஒரே கறுப்பு. எனக்கும் கண் மங்கிக்கொண்டு வருகிறது.

சாப்பிடு. தூங்கு. தொழுகையில் என்னை மறக்காதே.

உன் உம்மா


கிளாஸ்கோ
20 டிசம்பர் 1997

உம்மா,

பேரீச்சை வந்தது. சட்டையும் வந்தது.

கறுப்பாக விழுந்த பக்கத்தைப் பெரிய எழுத்தில் மறுபடி எழுதி செப்டம்பரில் பதிவுத் தபாலில் அனுப்பினேன். அக்டோபரில் இன்னொரு முறை அனுப்பினேன். இரண்டுக்கும் உங்கள் கையெழுத்துப் போட்ட ரசீது எனக்குத் திரும்பி வந்தது.

இனி நான் வேறெதுவும் எழுதப் போவதில்லை. குளிரைப் பற்றியும் எழுத மாட்டேன், சாப்பாட்டைப் பற்றியும் எழுத மாட்டேன். நீங்களும் வேறெதுவும் எழுத வேண்டாம். ஒரு பெயரை மட்டும் எழுதுங்கள். தெரியாது என்றால் தெரியாது என்றாவது எழுதுங்கள்.

பிலோமினாவுக்கு யார் திறந்தது?

மிஷாரி