பாதி விலை டிக்கெட்டை நான் மறைத்தது

மாரெட்பள்ளி,
ஏப்ரல் 11, சனிக்கிழமை

என் அன்பு மகள் பிளெசிக்கு, அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் அப்பாவும் இங்கே சுகம். நீயும் மாப்பிள்ளை ஜோசியாவும் பதினோரு வாரத்துக் குட்டி ஹெப்சிபாவும் அங்கே சுகமாக இருக்க வேண்டும் என்று காலை ஜெபத்தில் உங்கள் மூன்று பேர் பெயரைத்தான் முதலில் சொல்கிறோம். தினமும் வீடியோவில் பார்த்துக்கொண்டு இப்போது எதற்கு லெட்டர் என்று நினைப்பாய். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாத ஒரு விஷயம் இருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன். இங்கிலீஷில் எழுத உட்கார்ந்தேன், முப்பத்தொரு வருஷம் ரயில்வே கிளெய்ம்ஸ் பிரிவில் எழுதிய ஆபீஸ் லெட்டர் மாதிரியே வந்தது, நாலு வரியில் என் தப்பு எங்கே என்றே தெரியாமல் போய்விட்டது. கிழித்துப் போட்டுவிட்டுத் தமிழில் எழுதுகிறேன். சர்ச்சில் சண்டே ஸ்கூலில் படித்த தமிழ் உனக்கு மறந்திருக்காது, எழுத்துக்கூட்டியாவது நீயே படி, மாப்பிள்ளையிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லாதே.

முதலில் வீட்டு விஷயம். அப்பாவுக்கு சுகர் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, சாயங்காலம் கிரவுண்டை நாலு சுற்று சுற்றுகிறார். வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. மேல் வீட்டில் புதிதாக ஒரு தெலுங்குக் குடும்பம் வந்திருக்கிறது, நல்ல ஆட்கள், தண்ணீர் மோட்டார் விஷயத்தில் மட்டும் என்னோடு இரண்டு தடவை வாக்குவாதம் ஆகிவிட்டது. உன் சித்தி மகள் ஸ்வீட்டிக்கு பட்டான்செருவில் மருந்துக் கம்பெனியில் வேலை நிரந்தரம் ஆகிவிட்டது. உனக்குத் தெரியும், அந்த டிக்கெட் விஷயத்தை எனக்கு முதலில் சொன்னதே அவள்தான்.

போன செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது அவளிடமிருந்து மெசேஜ் வந்தது. ஹைதராபாத்திலிருந்து டொரன்டோ போக வர ஒரு ஆளுக்கு ஒன்பதாயிரத்து முன்னூறு ரூபாய். அவள் எழுதியிருந்ததை அப்படியே எழுதுகிறேன். "பெரியம்மா, ஏர்லைன்காரன் ஒரு சைபரை விட்டுட்டான். அவன் முழிச்சுக்கிறதுக்குள்ள போட்டுடுங்க." நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து ஜனவரி ஆறாம் தேதிக்கு இரண்டு டிக்கெட் போட்டேன். உனக்கு ஜனவரி இருபதுக்கு மேல்தான் டாக்டர் நாள் சொல்லியிருந்தார், இரண்டு வாரம் முன்னாலேயே வந்துவிடலாம் என்று அப்பா சர்ச் வாசலில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு நின்றார். மூன்றாம் நாள் விலை தவறு, டிக்கெட் ரத்து, பணம் கார்டுக்குத் திரும்பி வரும் என்று மெயில் வந்தது. இதுவரைக்கும் உனக்குத் தெரியும். பிறகு நான் கேஸ் போட்டதும் தெரியும். இடையில் நடந்தது உனக்குத் தெரியாது. போன வாரம் வரை அப்பாவுக்கும் தெரியாது.

ரத்து செய்த பதினோராம் நாள் அந்தக் கம்பெனியிலிருந்து இன்னொரு மெயில் வந்தது. நடந்ததற்கு வருந்துகிறோம், அதே தேதிகளில் பயணம் செய்ய விரும்பினால் வழக்கமான விலையில் பாதிக்கு டிக்கெட் தருகிறோம், மேற்கொண்டு எந்த உரிமையும் கோர மாட்டேன் என்று ஒப்புக்கொண்டு பதினைந்து நாளுக்குள் பதில் எழுத வேண்டும் என்று இருந்தது. பாதி விலை நம்மால் முடியாத தொகை இல்லை. என் பென்ஷன் அரியர்ஸ் பேங்கில் அப்படியே கிடந்தது. ஆனால் அதற்குள் எங்கள் மாதிரி டிக்கெட் போட்டு ஏமாந்தவர்கள் இருபத்தாறு பேர் சேர்ந்து வாட்ஸாப்பில் ஒரு குரூப் ஆகிவிட்டோம். ரயில்வேயில் எத்தனையோ பேருடைய மனுவைத் தள்ளுபடி செய்தவள் என்பதால் எந்த ஓட்டை வழியாகக் கம்பெனிக்காரன் தப்பிப்பான் என்று எனக்குத் தெரியும் என்று எல்லாரும் என்னைக் கேட்க ஆரம்பித்தார்கள். மேடம், நெக்ஸ்ட் க்யா கர்னா மேடம், அடுத்து என்ன செய்வது என்று காலையிலிருந்து போன். ரிடயர் ஆகி மூன்று வருஷம் யாரும் என்னிடம் ஒரு கையெழுத்துகூடக் கேட்டதில்லை, பிளெசி. அது எனக்குப் பிடித்திருந்தது. அந்தப் பாதி விலையை யாரும் ஒப்புக்கொள்ளாதீர்கள், ஒருவர் விழுந்தால் கேஸே விழுந்துவிடும் என்று குரூப்பில் எழுதினேன். உப்பலில் இருக்கும் பத்மநாபன் என்று ஒரு பெரியவர், மகனைப் பார்த்து ஆறு வருஷம் ஆகிறது, நான் பாதி விலைக்குப் போய்விடுகிறேன் என்று தயங்கித் தயங்கி எழுதினார். அவரை குரூப்பிலிருந்து எடுத்துவிட்டேன். அப்பாவிடம் அந்த மெயிலைப் பற்றி மூச்சு விடவில்லை. அவர் ஒருநாள் சாப்பிடும்போது, "முழு விலை கொடுத்தாவது போயிருவோமே சுந்தரி, புள்ள அங்க ஒத்தையில கிடக்கும்லா" என்றார். ஹியரிங் ஜனவரியில் வரும், நான் இல்லாவிட்டால் அங்கே பேச ஆள் இல்லை, ஜெயித்த பிறகு நிம்மதியாகப் போகலாம் என்றேன். உன்னிடம் டிக்கெட் கிடைக்கவில்லை என்று சொன்னேன். கிடைத்த டிக்கெட்டை வேண்டாம் என்றவள் நான்.

இதைவிடக் கஷ்டமானதை இனிமேல்தான் எழுத வேண்டும். ஜனவரி இருபத்திரண்டு, நுகர்வோர் கோர்ட்டில் எங்கள் கேஸ். பதினொன்றரை மணிக்கு ஹாலில் உட்கார்ந்திருந்தேன், எங்களுக்கு முன்னால் ஒரே ஒரு கேஸ்தான் பாக்கி. பையில் போன் அதிர்ந்தது, எடுத்துப் பார்த்தால் மாப்பிள்ளை. நின்று மறுபடியும் அதிர்ந்தது. நாலு தடவை. நான் உங்களிடம் போனில் சார்ஜ் இல்லை என்று சொன்னேன் அல்லவா, அது பொய். போன் என் கையில் இருந்தது. அவர் பெயர் திரையில் வந்து வந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உனக்கு வலி எடுத்திருக்கும் என்று ஒரு நிமிஷத்துக்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. முதல் பிரசவம், நேரமாகும், இதை முடித்துவிட்டுக் கூப்பிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தேன். பிறகு எங்கள் பெயரைக் கூப்பிட்டார்கள். அங்கே இருந்த நீதிபதி ஐயா என் பேப்பர்களைப் பார்த்துவிட்டு, முப்பது வருஷத்துக்கு மேல் ரயில்வேயில் இருந்திருக்கிறீர்கள், இந்த விலையைப் பார்த்ததும் உங்களுக்குச் சந்தேகம் வரவில்லையா என்று கேட்டார். அப்புறம் தெலுங்கில், "நிஜங்கா நம்மாரா அம்மா?" என்றார். நிஜமாகவே நம்பினீர்களா என்று. பண்டிகைச் சலுகை என்று நம்பினேன் என்று சொன்னேன். ஸ்வீட்டியின் மெசேஜை அதற்கு முந்தின வாரமே அழித்திருந்தேன். வெளியே வந்து கூப்பிட்டபோது மாப்பிள்ளை எடுக்கவில்லை. குழந்தையின் துடிப்பு இறங்கி உன்னை ஆபரேஷனுக்கு எடுத்துப்போய்விட்டார்கள் என்றும், போகும் முன் நீ அம்மா குரலைக் கேட்க வேண்டும் என்று அழுததால்தான் அவர் நாலு தடவை கூப்பிட்டார் என்றும் சாயங்காலம் தெரிந்தது. அன்றிலிருந்து நான் சர்ச்சில் நற்கருணை அப்பம் வாங்க எழுந்து போவதில்லை. முழங்கால் வலி என்று அப்பா நினைத்துக்கொண்டிருந்தார்.

மார்ச் கடைசியில் தீர்ப்பு வந்தது, ஜெயித்துவிட்டோம். ஒரு வருஷத்துக்குள் எப்போது கேட்டாலும் பழைய விலைக்கே டிக்கெட் தர வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். குரூப்பில் எல்லாரும் சேர்ந்து மாரெட்பள்ளி வந்து எனக்குச் சால்வை போட்டு ஸ்வீட் பாக்ஸ் கொடுத்தார்கள், அந்தப் போட்டோவை நீ உன் ஆபீஸ் குரூப்பில் எல்லாருக்கும் காட்டியதாகச் சொன்னாய். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் பத்மநாபன் போன் செய்தார். குத்திக்காட்டக் கூப்பிடுகிறார் என்று நினைத்து விறைப்பாகத்தான் எடுத்தேன். "பேப்பர்ல பார்த்தேன் மேடம், ரொம்ப சந்தோஷம். நான் பாதி விலைக்குப் போய்ப் பையன்கூட ரெண்டு மாசம் இருந்துட்டு வந்தேன். உங்க பொண்ணுக்குப் பிரசவம்னு குரூப்ல சொன்னீங்களே, நீங்க எப்போ போனீங்க?" என்று கேட்டார். நான் கட் பண்ணிவிட்டேன். பிறகு அப்பாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சட்டைக்கு பட்டன் தைத்துக்கொண்டிருந்தார். ஊசியைக் கீழே வைக்காமலே கேட்டுவிட்டு, "நம்ம ரெண்டு பேருக்கும் சேத்துத்தான அந்த மெயிலு வந்துச்சு? என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா" என்றார். திட்டவில்லை. மூன்றாம் நாள், "புள்ளைக்கு நீயே எழுது, நான் சொல்ல மாட்டேன்" என்றார்.

கம்பெனி தப்பான விலை போட்டால் பயணிகள் சண்டை போடலாமா கூடாதா என்று நீ ஒருநாள் வீடியோவில் கேட்டாய். நான் சுற்றி வளைத்து ஏதோ சொன்னேன். இப்போது நினைப்பதைச் சொல்கிறேன். நீ முதன்முதலில் அங்கே போனபோது டிக்கெட்டில் உன் பெயரில் ஒரு எழுத்து தப்பாக அடித்துவிட்டோம், அதைத் திருத்த எவ்வளவு வாங்கினார்கள் என்று நினைவிருக்கும். நம் தப்புக்கு நாம் பணம் கட்ட வேண்டும், அவர்கள் தப்புக்கும் நாமே சும்மா இருக்க வேண்டும் என்றால் அது நியாயம் இல்லை. லீவு போட்டு ஹோட்டல் புக் பண்ணின ஆட்கள் எங்களில் இருந்தார்கள், அவர்களுக்காகக் கேட்டது சரிதான். ஆனால் அது தப்பான விலை என்று தெரிந்தே போட்டேன், தெரியாது என்று கோர்ட்டில் சொன்னேன். அவர்கள் பாதி வழி இறங்கி வந்தபோது நான் ஒரு படி இறங்கவில்லை. சண்டை போட்டது குற்றம் என்று இப்போதும் எனக்குத் தோன்றவில்லை. உன் பிரசவத்தைப் பணயமாக வைத்து அதைப் போட்டேனே, அதற்கு எனக்குச் சமாதானம் கிடைக்கவில்லை. நீ தையல் வலியோடு மாடிப்படி ஏறி இறங்கினதும், மாப்பிள்ளை போனைப் பார்த்துப் பார்த்துப் பூண்டுக் குழம்பு வைத்ததும், நான் இங்கிருந்து உப்பு போதுமா என்று கேட்டதும் நினைவுக்கு வரும்போதெல்லாம் எழுந்து சமையலறைக்குப் போய் நின்றுகொள்கிறேன்.

பத்மநாபனிடம் நேற்று உப்பலுக்கே போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் வீட்டம்மா காப்பி கொடுத்தார்கள். கோர்ட்டில் சொன்ன பொய்க்கு என்ன செய்வது என்று ஐயரிடம் கேட்கப் போகிறேன், நம் சர்ச் ஐயரைத்தான் சொல்கிறேன். ஜெயித்த விலைக்கு டிக்கெட் எடுக்க எனக்கு மனம் வரவில்லை. மே பதினெட்டாம் தேதிக்கு முழு விலையில் ஒரே ஒரு டிக்கெட் அப்பாவுக்கு நேற்று எடுத்துவிட்டேன். அவர் ஒரு தப்பும் செய்யவில்லை, பேத்தியைத் தூக்க அவருக்கு நாள் கடந்துவிட்டது. எனக்கு எடுக்கவில்லை. நீ வா என்றால் எடுக்கிறேன், இப்போது வேண்டாம் என்றால் அப்பாவை ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு வீட்டுக்கு வருகிறேன், ஏன் என்று கேட்க மாட்டேன்.

கர்த்தர் உன்னையும் மாப்பிள்ளையையும் குழந்தையையும் கண்மணி போல் காத்துக்கொள்வாராக, உன் உடம்பு பழைய பலத்துக்கு வரட்டும். இரும்புச் சத்து மாத்திரையைப் பாலோடு போடாதே, எலுமிச்சை ஜூஸோடு போடு. குழந்தைக்கு அடுத்த தடுப்பூசித் தேதியைக் காலண்டரில் குறித்து வை. பதிலை இங்கிலீஷில் எழுது, தெலுங்கில் எழுது, எதில் எழுதினாலும் படித்துக்கொள்வேன். கோபமாக எழுதினாலும் சரி. பரவாயில்லை அம்மா என்று மட்டும் எழுதாதே.

அன்றும் இன்றும் உன்மேல் பாசமுள்ள,
அம்மா,
ஜெயசுந்தரி தியோடர்