அனுபவம் இல்லை என்று எழுதாதே

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசைப் பற்றிக் கேட்காதே. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, அதை எழுது.

வருகிற வியாழக்கிழமை இன்டர்வியூவுக்குப் போகவில்லை, படிப்பையும் விட்டுவிட்டு வந்து ஆஸ்பத்திரியில் அப்பா பார்த்த துணி ஸ்டோர் வேலையை எடுத்துக்கொள்கிறேன் என்று நீ போனில் சொன்னதிலிருந்து எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அவர் போய் மூன்று மாதம் ஆகிறது, அவருக்குப் பதிலாகத் தருகிற அந்த இடம் வீட்டில் ஒருவருக்குத்தான், இந்த மாதத்துக்குள் கேட்க வேண்டும் என்று ஆஸ்பத்திரி கிளார்க்கும் சொல்லிவிட்டார். நீ அனுப்பிய பயோடேட்டாவைப் பக்கத்து வீட்டு டைப்பிஸ்ட் படித்துச் சொன்னாள், அனுபவம் என்ற இடத்தில் இல்லை என்று போட்டிருக்கிறாயாம். ஏன்டி, அப்பா படுத்திருந்தபோது லீவுக்கு வந்து எந்த மாத்திரை எப்போது என்று அட்டை எழுதி ஒட்டி, நர்சே அதைப் பார்த்துக் கொடுக்கும்படி வைத்தது யார், காலேஜில் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்தது யார், பக்கத்து வீட்டுப் பூனையா?

நானும் அதே தப்பைத்தான் செய்தேன். நேற்று நானும் ஒரு இன்டர்வியூவில் உட்கார்ந்தேன், சிரிக்காதே. அந்த ஸ்டோர் அலமாரிகளில் போர்வை, தலையணை உறை என்று ஒட்டியிருந்த சீட்டெல்லாம் அப்பா கையெழுத்து. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். உங்களுக்கு என்னம்மா தெரியும் என்று அதிகாரி கேட்டார், ஒண்ணும் தெரியாதுங்க என்றேன். கிளார்க் தலையில் அடித்துக்கொண்டு, என்னக்கா நீங்க, கிழிஞ்ச போர்வையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுபோய்த் தச்சுட்டு வருவாரே, தச்சது அவரா நீங்களா என்று கேட்டார். அப்புறம்தான் வாய் திறந்தேன். எது எங்கே கிழியும், எதைத் தைக்கலாம், எதைத் தைத்தாலும் நிற்காது என்று சொல்லிக்கொண்டே போனேன், போதும்மா என்று அதிகாரியே நிறுத்த வேண்டியதாகிவிட்டது.

அதனால் செய்ததையெல்லாம் எழுது. தெரியாததைக் கேட்டால் தெரியாது, கத்துக்கிறேன் என்று சொல். முந்தின நாளே போய் இடத்தைப் பார்த்து வை. அஞ்சு வருஷத்தில் என்னவாக இருப்பீர்கள் என்று கேட்பார்களாம், அம்மாவைப் பார்த்துக்குவேன் என்று சொல்லித் தொலைக்காதே. உனக்கு என்ன வேண்டும் என்று உட்கார்ந்து யோசி, அப்பா போனதிலிருந்து நீ அதை யோசிக்கவே இல்லை.

திங்கட்கிழமை சேரச் சொல்லிவிட்டார்கள், கையெழுத்தும் போட்டுவிட்டேன். இனி இங்கே உனக்கு வேலை காலி இல்லை.

அலுப்பாக இருக்கிறது, நிறுத்துகிறேன். போகிற இடமெல்லாம் நல்லது நடக்கட்டும். புதுச் செருப்பு போட்டுக்கொண்டு போகாதே, கடிக்கும்.

உன் அம்மா,
துணி ஸ்டோர்