இடது கைக்கு ஒரு ஆக்‌ஷன்

டார்பி, மொன்டானா
பிப்ரவரி, ஞாயிறு மதியம்

அன்புள்ள வெண்டெல்,

நலம்தானே? இங்கே நான் நலம் என்று எழுதுவதுதான் வழக்கம், எழுதிவிட்டேன். வேலி மறையப் பனி கிடக்கிறது. சினைப்பசுக்களில் இரண்டு கன்று போட்டுவிட்டன. டூசானில் உன் அக்கா வீட்டு வெயில் கைக்கு இதமாக இருக்கிறதா? குளிர் ஆகாது, கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று போனாய். அந்தக் கொஞ்ச நாள் எப்போது முடியும் என்று கேட்கக்கூடாது என்றிருந்தேன். முடியவில்லை.

நீ துப்பாக்கிப் பட்டறை ஹார்லனுக்குப் போன் போட்டு, உன் புதுத் துப்பாக்கிக்காக எடுத்துவைத்த குழலையும் தோளில் பதிகிற மரக்கட்டையையும் விற்றுவிடச் சொன்னாயாம். கட்டிய மனைவிக்கு இது தீவனக் கடையில் தெரியவருகிறது. வந்த கோபத்தில் நேரே பட்டறைக்குப் போனேன்.

"அவனே வேண்டாம்னுட்டான் ஜோலீன், நீ ஏன் மல்லுக்கட்டுற?" என்றார் ஹார்லன்.

"அவனக் கேட்டா வேண்டாம்னுதான் சொல்லுவான். அதான் உங்கள கேக்குறேன். என்ன மிச்சம்?" என்றேன்.

மற்றதெல்லாம் இன்னும் கையில்தான் இருக்கிறது, ஆக்‌ஷன் வாங்குவது மட்டும்தான் மிச்சம் என்றார். தோட்டாவை உள்ளே தள்ளி, சுட்டபின் வெறுங்கூட்டை வெளியே எறிகிற பாகம் அது என்று எனக்குப் பாடம் நடத்தியவனே நீதான். போன வருடம் பூராவும் டைட்டானியமா, எஃகா என்று மாய்ந்து போனாய். என்னைக் கட்டிக்கொள்ள நீ இவ்வளவு யோசித்ததில்லை. முடிவெடுப்பதற்குள் வைக்கோல் கட்டும் இயந்திரம் உன் வலது கையில் மூன்று விரலைக் கொண்டுபோனது.

இடது கைக்காரருக்கு என்ன இருக்கிறது என்று கேட்டேன். ஹார்லன், ஆக்‌ஷனை இழுக்கிற பிடி இடப்பக்கம் உள்ள இரண்டு துப்பாக்கிகளை எடுத்துவைத்தார். போலித் தோட்டாவும் போட்டுக் கொடுத்தார். நான் வலது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு இடது கையால் பிடியை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தேன். முதலாவது டைட்டானியம். இறகு மாதிரி இருந்தது. ஆனால் கை தடுமாறிப் பாதியில் இழுத்ததும், முதல் தோட்டா உள்ளேயே நின்றுவிட்டது. மறுபடி தள்ளினால் இரண்டாவது தோட்டா அதன் முதுகில் முட்டிச் சிக்கிக்கொண்டது. மற்றது எஃகு. அதில் ஒரு கொக்கி தோட்டாவை முதலிலேயே கவ்விக்கொள்கிறது. எங்கே தடுமாறினாலும் கையோடு திரும்பி வருகிறது. பத்து முறை வேண்டுமென்றே தடுமாறிப் பார்த்தேன், ஒரு முறையும் விடவில்லை. பட்டறையில் நின்று அழுதுவிட்டேன். ஹார்லன் அடுப்புக்கு விறகு போடுகிற சாக்கில் திரும்பிக்கொண்டார்.

"எடை கூடும், பாத்துக்க. எடை குறையணும்னு பல் தேய்க்கிற பிரஷ் காம்பையே அறுத்துட்டு மலையேறுற ஆளு, என்னைத்தான் திட்டுவான்" என்றார்.

கூடுகிற எடைக்குச் சாப்பாட்டையும் தண்ணீரையும் நான் சுமக்கிறேன் என்றேன். ஆமாம், நான்தான். இத்தனை வருடம் எல்க் மான் வேட்டைக்கு நீ கூப்பிட்டபோதெல்லாம் முழங்கால் வலி சொன்னவள். இந்தப் படுக்கையில் தனியாகக் கிடப்பதைவிட அந்த மலை ஒன்றும் செங்குத்து இல்லை.

எஃகுக்குத்தான் சொல்லிவிட்டேன். இலையுதிர் காலத்துக்குள் ஆகிவிடும் என்கிறார் ஹார்லன். ஒன்றுதான் தடை. கட்டையை இடது தோளுக்கு அளந்து வெட்ட வேண்டும். நான் உன் பழைய கோட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "கோட்டு குறி பாக்காதும்மா. ஆளு வேணும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நீ அந்தக் கையைச் சட்டைப் பையிலேயே வைத்திருப்பதாக உன் அக்கா சொன்னாள். அங்கே எப்படியோ இருந்துகொள். இங்கே வரும்போது வெளியே எடு. நான் இன்னும் அதைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை, வெண்டெல். கடவுள் உன்னைக் காக்கட்டும். அளவு கொடுக்கவாவது வா.

உன்
ஜோலீன்