உன் வீட்டில் நான் பாடாத பாட்டு

சென்ற வாரம் செத்தல் மிளகாய் அரைப்பதற்காகக் கிளிநொச்சிச் சந்தைக்குப் பின்னால் இருக்கும் மில்லுக்குப் போனேன். பக்கத்து இயந்திரத்தில் யாருக்கோ மஞ்சள் அரைபட்டுக்கொண்டிருந்தது. இயந்திரம் சூடேற ஏற அந்த மணம் கசப்பாகப் பரவியது. வரிசையில் நின்ற பெண்கள் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நான் பொத்தவில்லை. நீ செத்து மூன்று மாதமாகிறது என்பது நினைவுக்கு வந்தது. அழுகை வருமோ என்று சற்று நேரம் பார்த்தேன். வரவில்லை. என் முறை வந்தது, பையை நீட்டினேன்.

மற்றவர்களுக்கு மஞ்சள் என்றால் சமையல். எனக்கு அது செத்தவீடு. எங்கள் ஆட்களின் செத்தவீட்டில் மஞ்சளையும் அறுகம்புல்லையும் உரலில் இட்டு உறவினர் இடிக்க, பக்கத்தில் ஒருவர் நின்று பாட வேண்டும். பாட்டு முடியும்வரை உலக்கை ஓயக்கூடாது. சுண்ணம் என்கிற அந்தப் பொடியைப் பூசிய பிறகுதான் பிரேதத்தை எடுப்பார்கள். அந்தப் பாட்டை நான் முதன்முதலில் ஒரு பிரேதத்துக்கு முன்னால் நின்று பாடியது ஊரில் அல்ல, கொழும்பில். அதுவும் பெரிய பாடகனாகப் போகிறேன் என்று போன இடத்தில்.

சண்டை ஓய்ந்து பாதை திறந்த காலத்தில் நாம் இருவரும் ஒரே பஸ்ஸில் கொழும்புக்குப் போனோம். நீ உருத்திரபுரம், நான் பளை. என்னிடம் ஒரு பட்டம் இருந்தது. உன்னிடம் குரலும் ஒரு சோடி வெள்ளைச் சப்பாத்தும் இருந்தன. அங்கே வெள்ளவத்தையில் ஒரு வீட்டின் மேல்மாடி அறை. ஒரு கட்டில், ஒரு கதிரை. கட்டிலில் ஒருநாள் நீ, மறுநாள் நான். வீட்டுக்கார அம்மா முதல் நாளே சொல்லிவிட்டார், பாட்டு மட்டும் வீட்டில் வேண்டாம், தனக்குத் தலையிடி என்று. ஆகவே காலையில் பாணும் சம்பலும் சாப்பிட்டுவிட்டுக் கடற்கரைத் தண்டவாளத்துக்குப் போவோம். ரயில் வரும்வரை முணுமுணுப்போம். ரயில் வந்ததும் அதன் இரைச்சலுக்குள் தொண்டை கிழியப் பாடுவோம். கடைசிப் பெட்டி கடந்ததும் வாயை மூடிவிடுவோம். ஒருநாள் நீ அரை அடி பிந்தி நிறுத்தினாய். கடல் பார்க்க வந்த குடும்பம் ஒன்று திரும்பி உன்னைப் பார்த்தது. “காலிக்குப் போற வண்டியை நம்பிப் பாடினால் இப்பிடித்தான்,” என்றாய். அன்று முழுவதும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

வடக்கிலிருந்து வந்த தமிழர் செய்யவேண்டிய பொலிஸ் பதிவுக்குப் போனது நினைவிருக்கிறதா? தொழில் என்ன என்று கேட்டபோது நான் பட்டதாரி என்றேன். அரை மணித்தியாலம் கேள்விமேல் கேள்வி. நீ பாடகன் என்றாய். பாடச் சொன்னார்கள். ஒரு சிங்களப் பாட்டில் இரண்டு வரி பாடினாய், முத்திரை விழுந்தது. வெளியே வந்து என் தோளில் தட்டினாய். “உன்ரை டிகிரியைவிட என்ரை தொண்டைக்கு மதிப்பு, மச்சான்.” அதை நான் மறக்கவில்லை. நான் எதையும் மறப்பதில்லை.

சனி, ஞாயிறுகளில் ஒரு கல்யாண இசைக்குழுவில் பின்வரிசையில் நின்று பாடினோம். குழுத் தலைவரை மாஸ்டர் என்று கூப்பிடுவோம். முன்னால் நின்று பாடுகிறவர் கனடாவுக்குப் போகவிருந்தார். அந்த இடம் எங்கள் இருவரில் ஒருவருக்கு என்பது இருவருக்கும் தெரியும். ஒரே கட்டிலை மாறிமாறிப் பகிர்ந்த நாம் அதைப்பற்றி மட்டும் ஒருநாளும் கதைக்கவில்லை.

அந்த நாட்களில்தான் வீட்டுக்கார அம்மாவின் தமையன் இறந்தார். பிள்ளைகள் எல்லோரும் வெளிநாட்டில். பிரேதம் வைத்திருந்த மலர்ச்சாலையில் சுண்ணத்துக்குப் பாட ஆளில்லை. பாட்டென்றால் தலையிடி என்ற அதே அம்மா மாடிப்படி ஏறி வந்து எங்களைக் கேட்டார். நீ என்னைக் காட்டினாய். “இவனுக்கு முழுக்கப் பாடம், அம்மா. பள்ளிக்கூடத்திலை பண்ணிசைக்குப் பரிசு எடுத்தவன்.”

போய்ப் பாடினேன். அந்த நகரத்தில் நான் பாட, சனம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டது அன்றுதான். உண்மையைச் சொன்னால் எனக்கு அது பிடித்திருந்தது. பிறகு ஆள்விட்டுக் கூப்பிடத் தொடங்கினார்கள். பிள்ளைகள் கடல் கடந்து போன வீடுகளில் ஒருவர் மாறி ஒருவர் செத்துக்கொண்டிருந்தார்கள். கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போனேன். பாடுகிற தொண்டைக்கு எங்கே பாடினால் என்ன என்று நினைத்தேன். நான் விட்ட பிழை அதுதான்.

கனடாக்காரர் போகிற கிழமை, ஒத்திகைக்கு நடுவே மாஸ்டர் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். அடுத்த கல்யாணத்துக்கு என்னைப் போட்டுப் பார்க்கலாமோ என்றார். நான் வாய் திறப்பதற்குள் நீ திறந்தாய்.

“இவனைப் பிடிக்கிறதெண்டால் ஆராவது சாகவேணும், மாஸ்டர். வெள்ளவத்தைச் செத்தவீடெல்லாம் இவன்ரை பொறுப்பிலை.”

எல்லோரும் சிரித்தார்கள். மாஸ்டர் சிரிக்கவில்லை. மறுநாள் என்னைத் தனியே கூப்பிட்டார். “மாப்பிள்ளை பொம்பிளைக்கு முன்னாலை உம்மை நிப்பாட்டேலாது. சனம் முகத்தை அடையாளம் பிடிக்கும். குறை நினையாதேயும்.” அந்த இடம் உனக்குக் கிடைத்தது. அறைக்கு வந்து, பகிடிக்குத்தான் சொன்னனான், கடவுளாணை என்று சத்தியம் செய்தாய். அன்று கட்டில் முறை உன்னுடையது. என்னைப் படுக்கச் சொன்னாய். நான் தரையில் படுத்தேன்.

ஒரு கிழமையில் ஊருக்கு வந்துவிட்டேன். பின்பு மறுபடி சண்டை மூண்டது, பாதையைப் பூட்டினார்கள். மற்றதெல்லாம் உனக்கும் தெரியும், தூரத்திலிருந்து தெரியும். நீ மண்டபங்களில் கோட்டுப் போட்டுப் பாடிக்கொண்டிருந்த ஒரு பின்னேரம், நான் அம்மாவை ஒரு தென்னந்தோப்பில் புதைத்தேன். சுண்ணம் இல்லை, உரல் இல்லை. முழுக்கப் பாடமான எனக்கு ஒரு வரிகூடப் பாட நேரம் இருக்கவில்லை, ஷெல் விழுந்துகொண்டிருந்தது. மண்ணை மூடிவிட்டு ஓடினோம். நீ அந்தப் பகிடியைச் சொல்லாமல் விட்டிருந்தால் எப்படியாவது அம்மாவைக் கொழும்புக்கு எடுத்திருப்பேன் என்று எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். நியாயமில்லாத யோசனை என்று தெரியும். தெரிந்தும் விடவில்லை.

சண்டை முடிந்த பிறகு நீ சீனி வியாதியோடும் உடைந்த குரலோடும் திரும்பி வந்து வயல் செய்தாய். நான் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞனாக இருந்தேன். யாராவது செத்தால் லீவு போட்டுவிட்டுப் போய்ப் பாடினேன். பஸ் நிலையத்தில் கண்டால் தலையை ஆட்டுவோம். ஒருமுறை நீ கிட்ட வந்தாய். என் பஸ் வந்துவிட்டது. அதை விட்டுவிட்டு அடுத்ததில் போயிருக்கலாம்.

நீ செத்த அன்று காலையில் உன் மனைவி எனக்குப் போன் எடுத்தார். “அண்ணை, அவர் எங்களை விட்டிட்டுப் போட்டார். சுண்ணத்துக்கு உங்களைத்தான் கூப்பிடச் சொன்னவர்.”

சாகிற நேரத்திலும் எனக்குரிய இடம் எது என்று நீ சொல்லிவிட்டுப் போயிருக்கிறாய் என்றுதான் முதலில் பட்டது. அதை வேறு விதமாகவும் எடுத்திருக்கலாம். அன்று முடியவில்லை. பஸ்ஸில் வரும்போதே முடிவெடுத்துவிட்டேன். உன் வீட்டு முற்றத்தில் நின்று, “தொண்டை கட்டிப்போச்சு, தங்கச்சி. சத்தம் வராது,” என்று கரகரத்தேன். அவர் நம்பினார். கதிரை கொண்டுவந்து போட்டார்.

யாரோ போனில் அந்தப் பாட்டைத் தேடி எடுத்து ஒலிபெருக்கிப் பெட்டியில் போட்டார்கள். உன் மகன் உலக்கையைப் பிடித்தான். பாட்டு நடுவில் போகும்போது அந்தப் போனுக்கு அழைப்பு வந்தது. பாட்டு நின்று ஒரு டப்பாங்குத்து அடித்தது. உன் மகனின் உலக்கை பாதியில் நின்றது. முற்றம் முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. அடுத்த அடி எனக்குத் தெரியும். நாக்கின் நுனிவரை வந்து நின்றது. ஒரு மூச்சு விட்டிருந்தால் போதும். நான் உன் முகத்தைப் பார்த்தேன். வாய் திறவாதபடி நாடியைச் சுற்றித் துணி கட்டியிருந்தார்கள். நான் பற்களைக் கடித்துக்கொண்டேன்.

அழைப்பைத் துண்டித்தவருக்கு விட்ட இடம் பிடிபடவில்லை. முதலிலிருந்து போட்டார். உன் மகனும் முதலிலிருந்து இடித்தான். என் அம்மாவுக்கு ஒருமுறையும் இல்லை. உனக்கு ஒன்றரை முறை.

பிரேதம் எடுக்க முன்னர் உன் மனைவி, அந்த அழுகைக்குள்ளும், குசினியில் நின்ற யாரிடமோ சொல்லி எனக்குக் கொத்தமல்லி அவித்து அனுப்பினார். முழுவதையும் குடித்தேன். எட்டாம் நாள் சடங்குக்கு மறுநாள் என் அலுவலகத்துக்கு ஒரு பை மல்லி வந்தது. அவர் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறார், பாவம், அந்த அண்ணைக்குக் குரல் போய்விட்டது என்று. இப்போது செத்தவீட்டுக்கு என்னை ஒருவரும் கூப்பிடுவதில்லை. காண்கிறவர்கள் தொண்டையை விசாரிக்கிறார்கள். நானும் கரகரத்துப் பதில் சொல்கிறேன், வேறு வழியில்லை. முதலில் ஆட்களுக்கு முன்னால் மட்டும்தான் அப்படிக் கதைத்தேன். இப்போது வீட்டில் தனியே தேத்தண்ணி ஊற்றிவிட்டுப் பூனையைக் கூப்பிட்டாலும் அந்தக் குரல்தான் வருகிறது.