அண்ணிக்குக் கொடுக்காத கடிதம்

அன்புள்ள அண்ணா,

நேரில் சொன்னால் உதைப்பாய், அதனால் எழுதுகிறேன். எட்டயபுரத்தில் பிறந்த வீட்டிலிருக்கும் அண்ணிக்கு நீ கொடுத்தனுப்பிய கடிதத்தைப் பஸ்ஸிலேயே படித்தேன். ஆண்மைக் குறைவு வந்துவிட்டதால் உன்னை மறந்துவிடச் சொல்லியிருந்தாய். கிழித்துவிட்டேன்.

நாம் சேர்ந்து பார்க்கப் போன டாக்டர் பேசி முடிக்குமுன் வெட்கப்பட்டு வெளியேறியவன் நீ. மீதியைக் கேட்டவன் நான்; சொல்ல வந்தபோதெல்லாம் நீ காது கொடுக்கவில்லை.

"ரத்தத்துல கொழுப்பு கூடி, குழாய் சுருங்குனாலும் இப்படி ஆகும் தம்பி. மாத்திரை, நடை, சாப்பாட்டுக் கட்டுப்பாடு இருந்தா தேறலாம்" என்றார். என் வாய்க்கொழுப்புக்குத்தான் மருந்தில்லையாம்.

அண்ணியிடம் அதைச் சொன்னேன். "இதுக்கா மூணு மாசமா எம் மூஞ்சியப் பாக்கல? வேற எவளோன்னுல்லா நெனச்சேன்!" என்று அழுதுகொண்டே சிரித்தார்கள்.

நாளை மூன்று மணி பஸ்ஸில் வருகிறார்கள். "ஒங்கண்ணன் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து வரணும். பைக்குல வந்தாவன்னா திரும்பிப் போயிருவேன்னு சொல்லு" என்றார்கள்.

பைக் சாவி என்னிடம்.

உன் பத்தொன்பது வயது வால்