ஈரக் கல்மேல் கண்ணாடி டிரே

செப்டம்பர் 12, 2024
ரெஜினா டீச்சர் மகளுக்குப் பிறந்தநாள் கேக் ஆர்டர். புதுக் கண்ணாடி டிரே இரண்டு வாங்கிவிட்டேன். வேகிறது பக்கவாட்டிலேயே தெரிகிறது. என் வீட்டுக்காரர் ஆல்வின் ஓவன் முன்னால் உட்கார்ந்து டிவி மாதிரி பார்க்கிறார்.

செப்டம்பர் 15
ஆஸ்பத்திரிக் கட்டிலில் இடது கையால் எழுதுகிறேன். வலது மணிக்கட்டில் தையல், கன்னத்திலும்.

ஓவனிலிருந்து எடுத்த டிரேயைச் சமையல் மேடையில் வைத்தேன். கிரானைட்டைத் துடைத்த ஈரம் காயவில்லை. வெடித்தது. கண்ணாடி முகத்தில் அடித்தது. சில்லோடு ஒட்டிய சூடான கேக் முழங்கையைப் பொசுக்கியது. மணிக்கட்டிலிருந்து ரத்தம் சுவரில் பீய்ச்சியது. ஆல்வின் வெறுங்காலோடு சில்லுகளை மிதித்து ஓடி வந்தார், லுங்கியைக் கிழித்துக் கட்டினார், ஆட்டோவில் தூக்கிப் போட்டார். பிறகு நினைவில்லை.

அவர் எங்கே? கேட்டால் யாரும் வாய் திறப்பதில்லை.

செப்டம்பர் 16
பிரிசில்லா அண்ணி இன்றுதான் சொன்னாள்.

நான் மயக்கத்தில் கிடந்தபோது சாலமோன் அண்ணன் கடப்பாக்கத்திலிருந்து வந்திருக்கிறான். ஆல்வின் சட்டை முழுக்க என் ரத்தம்.

"டிரே வெடிச்சிடுச்சி மச்சான்."

"தானா வெடிச்சிதா? யாராண்ட கதை உடுற?"

ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் அவர் முகத்தை மோதியிருக்கிறான். விழுந்தவரை மிதித்திருக்கிறான். தாடை உடைந்து செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரியில் கிடக்கிறார். முன்பல் மூன்று இல்லை.

போன வருஷம் ஒருதரம் அவர் என்னை அறைந்தார். அதை அண்ணனிடம் சொன்னது நான்தான். அதுக்குன்னு? அதுக்குன்னு இப்படியா?

செப்டம்பர் 17
அண்ணன் வந்தான்.

"அவனுக்காக நீ பொய் சொல்லாத ஹெலன்."

"பொய் இல்லண்ணா."

"அடி வாங்கினவ எல்லாம் இப்டித்தான் சொல்றாளுங்க."

கத்தினேன். கன்னத் தையல் பிரிந்தது.

செப்டம்பர் 25
வீட்டுக்கு வந்தாயிற்று. அண்ணனைக் கூப்பிட்டேன். மிச்சமிருந்த டிரேயை ஓவனில் சூடேற்றினேன். கொல்லையில் துவைக்கிற கல்லை நனைத்து, "வெச்சிட்டு ஓடி வந்துடு" என்றேன்.

துணி சுற்றிக் கொண்டுபோய் வைத்தான். ஒன்றும் ஆகவில்லை. நாலு எட்டு வந்து திரும்பி நின்று, "இன்னா இப்போ?" என்றான். வெடித்தது. வேலித் தகரத்தில் சில்லுகள் படபடவென்று அடித்தன. அவன் கெண்டைக்காலில் ஒன்று இறங்கியிருந்தது. பிடுங்காமல் அப்படியே மண்ணில் உட்கார்ந்தான்.

"நெஞ்சு மேல மிதிச்சேன் ஹெலன். அப்பவும் அதான் சொல்லிகினு இருந்தான்."

எனக்கு அழுகை வரவில்லை. இன்னும் ஒரு டிரே இருந்திருந்தால் அதை அவன் தலையிலேயே போட்டிருப்பேன்.

அக்டோபர் 3
ஆல்வின் வீட்டுக்கு வந்தார். தாடையில் கம்பி. ஸ்ட்ராவில் கஞ்சி. போலீசில் எழுதித் தரலாம் என்றேன். தலையை ஆட்டினார். வேண்டாமா, அப்புறமா? புரியவில்லை.

நவம்பர் 17
கம்பி எடுத்தாயிற்று. சர்ச் முடிந்து அண்ணன் வந்தான். கதவைத் திறந்தது ஆல்வின். பள்ளிக்கூட நாளிலிருந்தே இருவரும் வாடா போடாதான். அவர்கள் வேறு மாதிரி பேசிக் கேட்டதே இல்லை.

"வாங்க," என்றார் ஆல்வின். "உக்காருங்க."

அண்ணன் உட்காரவில்லை. செருப்பைக்கூடக் கழற்றவில்லை.